பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைத்த தளபதி: பேடன் பவலின் வாழ்க்கை

நமது ஊர்களில் இளைஞர்களுக்கென்று நடத்தப்படும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கும். ஒரு மண்டபம், பின்னால் ஒரு பதாகை, மேடையில் ஐந்தாறு பேர். கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை, விசேட உரை, நன்றியுரை, அதன் பிறகு பகல் சாப்பாடு. போதைப்பொருளின் ஆபத்து, கைத்தொலைபேசியின் தீங்கு, கல்வியின் அவசியம் என்று காலையிலிருந்து பேசப்படும். சொல்லப்படுபவை எல்லாம் சரியான விடயங்கள்தான். ஆனால் அந்த நாள் முழுவதும் அங்கு வந்த பிள்ளையிடம் யாரும் எந்தப் பொறுப்பையும் ஒப்படைப்பதில்லை, கடைசியில் கதிரைகளை அடுக்கி வைப்பதைத் தவிர.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதல்ல. ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் பிரித்தானியாவில் ஒருவர் இதையே கண்டார். 1904ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் 'பாய்ஸ் பிரிகேட்' என்ற சிறுவர் அமைப்பின் இருபத்தோராவது ஆண்டு விழா நடந்தது. ஆயிரக்கணக்கான பையன்கள் வரிசை பிசகாமல் அணிநடை போட்டுக் காட்டினார்கள். விழாவுக்கு வந்திருந்த இராணுவத் தளபதி அதைப் பார்த்து மகிழ்ந்தார். ஆனால் அணிநடையோடு நின்றுவிடாமல் பையன்களின் மனதைக் கவரும் வேறு விடயங்களும் இருந்தால் இந்த அமைப்பு இன்னும் பல மடங்கு வளருமே என்று அதன் நிறுவுநர் வில்லியம் ஸ்மித்திடம் தம் எண்ணத்தைச் சொன்னார். அப்படியானால் அதை நீங்களே எழுதித் தாருங்கள் என்று ஸ்மித் கேட்டுக்கொண்டார். அந்தத் தளபதிதான் ரொபர்ட் பேடன் பவல். அந்த வேண்டுகோளின் விளைவுதான் இன்று நமது பாடசாலைகளில் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு பிள்ளைகள் நிற்கும் சாரணர் இயக்கம்.

அவர் எழுதித் தந்தது என்ன, அதை எங்கிருந்து கற்றார், எந்த இடத்தில் அவரே தவறினார் என்பதை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால், நமக்கும் எடுத்துக்கொள்ளச் சில விடயங்கள் இருக்கின்றன.

தந்தையை இழந்த பிள்ளை

பேடன் பவல் 1857 பெப்ரவரி 22ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேத்திர கணிதப் பேராசிரியர்; கிறிஸ்தவ மதகுருவும்கூட. அவர் 1860இல் இறந்தபோது பிள்ளைக்கு மூன்று வயதுதான். நமது வழக்கில் சொன்னால் ஒரு யத்தீம். தாய் ஹென்றியேட்டா கிரேஸ் தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தெடுத்தார்.

அந்தத் தாய் கண்டிப்பானவர். ஆனால் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைத்தவரல்ல. மூத்த மகன் வோரிங்டன் கடல் தொழிலுக்குப் பயிற்சி பெற்றவர். விடுமுறைக் காலங்களில் தம்பிமாரைப் படகில் ஏற்றிக்கொண்டு கரையோரமாகப் பயணம் போவார். அந்தப் படகில் இளையவனுக்கும் ஒரு வேலை உண்டு. சமைப்பது, கயிறு பிடிப்பது, இரவில் விழித்திருந்து பார்ப்பது என்று எல்லோருக்கும் பங்கு இருந்தது. அண்ணன் சொல்வதைக் கேட்க வேண்டும்; ஆனால் தன் வேலையைத் தானே முடிக்க வேண்டும். பிற்காலத்தில் பேடன் பவல் அமைத்த சாரணர் அணியின் முதல் வடிவம் அந்தப் படகுதான் என்று சொன்னால் மிகையாகாது.

அவர் படித்தது சார்ட்டர்ஹவுஸ் என்ற பெயர்பெற்ற பாடசாலையில். அங்கு அவர் முதல் வரிசை மாணவராக விளங்கவில்லை. நாடகம், சித்திரம், உதைபந்தாட்டம் ஆகியவற்றில்தான் பெயர் எடுத்தார். 1872இல் அந்தப் பாடசாலை லண்டனை விட்டு கொடல்மிங் என்ற ஊருக்கு இடம்மாறியது. பாடசாலைக்கு அருகே ஒரு சிறு காடு இருந்தது. மாணவர்கள் அதற்குள் போகக்கூடாது என்பது சட்டம். பேடன் பவல் போனார். மிருகங்களின் அடிச்சுவட்டைப் பின்தொடர்ந்தார், சத்தமில்லாமல் நகரப் பழகினார், முயல் பிடித்தார், ஆசிரியர்கள் கண்டுவிடாதபடி புகை எழாத சிறு நெருப்பு மூட்டி அதைச் சமைத்தார். வகுப்பறையில் தாம் கற்றதைவிட அந்தக் காட்டில் கற்றதையே அவர் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தினார்.

பாடசாலை முடிந்து ஒக்ஸ்போர்ட் அனுமதிப் பரீட்சை எழுதினார், அதில் சித்தியடையவில்லை. பேராசிரியரின் மகனுக்கு அது சிறிய அடியல்ல. உயர்தரப் பெறுபேறு வந்த நாளில் நமது எத்தனையோ வீடுகளில் விழும் அதே அமைதி அந்த வீட்டிலும் விழுந்திருக்கும். ஆனால் 1876இல் இராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை நடந்தபோது, நூற்றுக்கணக்கானோர் போட்டியிட்ட அந்தப் பரீட்சையில் குதிரைப்படைப் பிரிவில் இரண்டாமிடம் பெற்றார். பத்தொன்பது வயதில் இந்தியாவின் லக்னோ நகருக்கு ஓர் இளம் அதிகாரியாக வந்து சேர்ந்தார்.

படையில் கற்ற பாடம்

இராணுவத்தில் அவருடைய விருப்பத்துக்குரிய துறை வேவு பார்த்தல். எதிரியின் நிலத்துக்குள் தனியாகச் சென்று, கண்ணால் கண்டதை விளங்கி, பிடிபடாமல் திரும்பி வந்து தகவல் சொல்வது. இந்த வேலைக்கு வரிசையில் நின்று கட்டளைக்குக் காத்திருக்கும் சிப்பாய் உதவமாட்டான். சொந்தமாகச் சிந்திப்பவன் வேண்டும். யாரும் பார்க்காத இடத்திலும் தன் கடமையைச் செய்பவன் வேண்டும்.

1897இல் இந்தியாவில் ஒரு குதிரைப்படைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றபோது, அப்படிப்பட்டவர்களை உருவாக்க ஒரு முறையைக் கையாண்டார். பெரிய கூட்டமாக வைத்து விரிவுரை நடத்துவதைக் குறைத்து, சிப்பாய்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பணியைக் கொடுத்து வெளியே அனுப்பினார். எப்படிச் செய்வது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் அணிவதற்கு ஒரு சின்னமும் கொடுத்தார். அந்த அனுபவங்களைத் தொகுத்து 1899இல் சிறிய புத்தகமாக வெளியிட்டார். அது சிப்பாய்களுக்கென்று எழுதப்பட்டது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பேடன் பவல் தம் காலத்து ஏகாதிபத்தியத்தின் ஊழியர். ஆபிரிக்க மக்களின் நிலங்களை அடக்கி ஆண்ட படைகளில் அவர் பணியாற்றினார். 1896இல் இன்றைய சிம்பாப்வேயில் நடந்த மட்டபேலே போரின்போது, பிடிபட்ட உவினி என்ற தலைவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திச் சுட்டுக்கொல்ல உத்தரவிட்டார். அது அன்றே கேள்விக்குள்ளானது, விசாரணை நடந்தது, அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஆனால் வரலாறு அந்தக் கோப்பை இன்னும் மூடவில்லை. ஒரு மனிதரிடமிருந்து கற்றுக்கொள்வதற்கு அவரைப் புனிதராக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

மாஃபெக்கிங்கின் சிறுவர்கள்

1899 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவில் பிரித்தானியருக்கும் போயர்களுக்கும் இடையே போர் மூண்டது. மாஃபெக்கிங் என்ற சிறிய நகரத்தைக் காக்கும் பொறுப்பு பேடன் பவலிடம் இருந்தது. அவரிடம் இருந்ததைவிடப் பல மடங்கு பெரிய போயர் படை நகரைச் சூழ்ந்துகொண்டது. முற்றுகை 217 நாட்கள் நீடித்தது.

ஆட்கள் போதவில்லை. சண்டையிடக் கூடியவர்கள் எல்லோரும் அரணில் தேவைப்பட்டார்கள். அப்போது அவருடைய பணிக்குழு அதிகாரி எட்வர்ட் செசில் நகரிலிருந்த சிறுவர்களைத் திரட்டி ஓர் அணி அமைத்தார். ஒன்பது, பத்து வயதிலிருந்து பதின்ம வயது வரையான பையன்கள். அவர்களின் தலைவன் வோர்னர் குட்இயருக்கு வயது பதின்மூன்று. செய்திகளைக் கொண்டு செல்வது, தபால் விநியோகிப்பது, வைத்தியசாலையில் உதவுவது, காவல் பார்ப்பது ஆகியவை அவர்களின் வேலை. முதலில் கழுதைகளிலும் பிறகு சைக்கிள்களிலும், குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வீதிகளில் போய்வந்தார்கள். முற்றுகையின்போது நகரிலேயே அச்சிடப்பட்ட ஒரு முத்திரையில் சைக்கிளில் அமர்ந்திருக்கும் குட்இயரின் படம்தான் இருந்தது.

போர்க்களத்தில் சிறுவர்களைப் பயன்படுத்துவதை இன்று யாரும் ஏற்கமாட்டோம். முப்பது ஆண்டு யுத்தத்தைக் கண்ட நமது நாட்டில் அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பேடன் பவல் அங்கே கண்ட உண்மை வேறு. அதுவரை தெருவில் சும்மா திரிந்த பையன்கள், தம்மை நம்பி ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டதும் பொறுப்புள்ளவர்களாக மாறினார்கள். ஒழுக்கம் பற்றி அவர்களுக்கு யாரும் சொற்பொழிவு நடத்தவில்லை. அந்தப் பாடத்தைப் போரிலிருந்து பிரித்தெடுத்துச் சமாதான காலத்துக்குக் கொண்டுவருவதே அவருடைய மீதி வாழ்க்கையின் வேலையாக அமைந்தது.

அதே நகரில் இன்னொரு பக்கமும் இருந்தது. மாஃபெக்கிங்கைக் காத்தவர்களில் பரலோங் மக்களும் இருந்தார்கள். உணவு குறைந்தபோது கறுப்பின மக்களுக்குக் கிடைத்த பங்கு வெள்ளையருக்குக் கிடைத்ததைவிட மிகக் குறைவு. பலர் பட்டினியால் இறந்தார்கள். பலர் முற்றுகையைக் கடந்து நகரை விட்டு வெளியேறும்படி தள்ளப்பட்டார்கள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அங்கு வேலை செய்த சொல் பிளாட்ஜே என்ற ஆபிரிக்க இளைஞர் எழுதிய நாட்குறிப்பு அந்த நாட்களின் சாட்சியாக இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் ஆபிரிக்க தேசிய காங்கிரஸாக மாறிய அமைப்பின் முதல் செயலாளர் அவரே. 1900 மே 17ஆம் திகதி முற்றுகை உடைந்தபோது லண்டன் வீதிகள் கொண்டாட்டத்தில் நிறைந்தன. பேடன் பவல் நாற்பத்து மூன்று வயதில் மேஜர் ஜெனரலானார். பரலோங் மக்களை அந்தக் கொண்டாட்டத்தில் யாரும் நினைக்கவில்லை.

ஒரு தீவில் எட்டு நாட்கள்

இங்கிலாந்துக்குத் திரும்பியபோது அவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. சிப்பாய்களுக்கென்று தாம் எழுதிய அந்தச் சிறிய புத்தகத்தைச் சிறுவர்கள் விரும்பிப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்கள் சிலர் அதைப் பாடமாகவே நடத்தினார்கள். அதன் பிறகுதான் கிளாஸ்கோ விழாவும் வில்லியம் ஸ்மித்தின் வேண்டுகோளும் வந்தன.

அவர் அவசரப்படவில்லை. மூன்று ஆண்டுகள் யோசித்தார், வாசித்தார், மற்றவர்களிடம் கேட்டார். வட அமெரிக்கப் பழங்குடிகளின் கானக வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு சிறுவர் அமைப்பொன்றை நடத்தி வந்த ஏர்னஸ்ட் தொம்சன் சீட்டன் தம் நூலை அவருக்கு அனுப்பினார். அதிலிருந்தும் பல விளையாட்டுகளை எடுத்துக்கொண்டார். தமக்குரிய இடத்தைப் பேடன் பவல் போதிய அளவு தரவில்லை என்று சீட்டன் பின்னர் மனம் வருந்தினார். அந்த வருத்தத்தில் நியாயமும் இருந்தது.

எழுதியதை அச்சிடுவதற்கு முன்னர் அவர் அதைச் செய்து பார்க்க விரும்பினார். 1907 ஓகஸ்ட் மாதம், இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ என்ற தீவுக்குச் சுமார் இருபது சிறுவர்களை அழைத்துச் சென்றார். அவர்களைத் தெரிவு செய்த விதம்தான் முக்கியமானது. பாதிப்பேர் ஈட்டன், ஹரோ போன்ற செல்வந்தர் பாடசாலைகளின் பிள்ளைகள். மற்றப் பாதிப்பேர் போர்ன்மவுத், பூல் நகரங்களின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கட்டணமும் அதற்கேற்பவே இருந்தது. வசதியானவர்களிடம் ஒரு பவுண். மற்றவர்களிடம் மூன்று ஷிலிங் ஆறு பென்ஸ். வகுப்புப் பிரிவு இறுகிக் கிடந்த அந்தக் காலத்து இங்கிலாந்தில் இந்த இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் தூங்குவது சாதாரண விடயமல்ல.

பிள்ளைகள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஓநாய், காளை, காகம், ஒரு கரைப்பறவை என்று ஒவ்வோர் அணிக்கும் ஒரு பெயர். ஒவ்வோர் அணிக்கும் பெரிய பையன் ஒருவன் தலைவன். காலையில் மட்டபேலே நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு மான் கொம்பை ஊதிப் பேடன் பவல் அவர்களை எழுப்புவார். அதன் பிறகு அன்றைய வேலை அணிகளிடம் போய்விடும். ஒரு நாள் கூடாரம் அமைத்தலும் சமையலும். ஒரு நாள் அவதானிப்பும் தடம் பார்த்தலும். ஒரு நாள் நீரில் விழுந்தவரையும் தீயில் சிக்கியவரையும் காப்பாற்றுதல். ஒவ்வோர் இரவும் ஓர் அணி பாசறையை விட்டு விலகித் தனியாகத் தங்கிக் காவல் பார்க்கும். மாவும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் கையில் கொடுக்கப்படும். சமைப்பது அவர்கள் பாடு. இரவில் எல்லோரும் நெருப்பைச் சுற்றி அமர்ந்தபோது அவர் தம் பயணக் கதைகளைச் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீரதீரம், தலைமைத்துவம், குணவளர்ச்சி, சேவை என்று நான்கு பாடங்களை அவர் தனித்தனியாக நடத்தவில்லை. தனியாகக் காவல் நிற்கும் இரவில் சற்றுப் பயம் இருந்தது, அதுவே வீரதீரம். அந்த இரவில் சிறியவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் தலைவனானான். பயத்தை அடக்கி விழித்திருந்தவன் மறுநாள் காலையில் தன்னைப் பற்றிப் புதிதாக ஒன்றை அறிந்துகொண்டான். கற்ற முதலுதவி இன்னொருவருக்குப் பயன்படும்போது அது சேவையானது. நான்கும் ஒரே வேலைக்குள் இருந்தன. அந்த வேலையைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்குத்தான் பெரியவர்களுக்குத் துணிச்சல் தேவைப்பட்டது.

பிள்ளைகளே தொடங்கிய இயக்கம்

1908 ஜனவரியில் சிறுவர்களுக்கான அவருடைய சாரணர் நூல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது. பாய்ஸ் பிரிகேட் போன்ற ஏற்கெனவே இருந்த அமைப்புகள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதே அவருடைய எண்ணம். புதிய இயக்கம் ஒன்றை ஆரம்பிக்கும் திட்டம் தொடக்கத்தில் அவரிடம் இருக்கவில்லை. ஆனால் கடையில் புத்தகத்தை வாங்கிய பையன்கள் பெரியவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. தாமே ஆறு, ஏழு பேராகச் சேர்ந்து அணி அமைத்தார்கள். பிறகு தமக்கு ஒரு சாரணத் தலைவரைத் தேடிப் போனார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் பிரித்தானியாவில் மட்டும் சாரணர் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. 1909இல் லண்டன் கிறிஸ்டல் பலஸில் நடந்த முதல் பெரிய ஒன்றுகூடலுக்கு அழைப்பில்லாமலேயே சில சிறுமிகளும் சாரணர் உடையில் வந்து நின்றார்கள். அவர்களுக்காக அடுத்த ஆண்டு பெண் சாரணியர் இயக்கம் உருவானது. சகோதரி அக்னஸ் அதற்குத் தலைமை ஏற்றார். 1910இல் பேடன் பவல் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று முழுநேரமும் இந்த வேலையில் இறங்கினார். 1912இல் ஒலேவ் என்ற பெண்ணை மணந்தார். பெண் சாரணியரின் உலகத் தலைவியாக அவரும் பின்னர் உயர்ந்தார்.

அதே 1912 ஓகஸ்டில் இயக்கம் பெரிய அடி ஒன்றையும் வாங்கியது. லண்டனின் ஏழைப் பகுதியான வோல்வர்த்திலிருந்து படகில் பாசறைக்குப் போன சாரணர் குழு, லேஸ்டவுன் கரைக்கு அருகே வீசிய திடீர்க் காற்றில் சிக்கியது. ஒன்பது சிறுவர்கள் கடலில் மூழ்கி இறந்தார்கள். நாடே துக்கத்தில் ஆழ்ந்தது. வீரதீரம் என்ற சொல்லைப் பயன்படுத்தும் எவரும் இந்த ஒன்பது பிள்ளைகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளை ஆற்றுக்கும் கடலுக்கும் மலைக்கும் அழைத்துப் போகிறவர், அந்த இடத்தையும் காலநிலையையும் நீச்சல் தெரியாத பிள்ளை யார் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மகிழ்ச்சிப் பயணம் போன பிள்ளைகள் ஜனாஸாவாகத் திரும்பிவந்த செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். பெற்றோர் நம்மிடம் தரும் பிள்ளை அமானிதம்.

பேடன் பவல் அதைப் புரிந்துகொண்டிருந்தார். இயக்கம் வளர வளரப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை என்று கண்டார். 1919இல் லண்டனுக்கு அருகே கில்வெல் என்ற இடத்தில் சாரணத் தலைவர்களுக்கான பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அங்கு வந்த பெரியவர்களும் அணியாகப் பிரிந்து, கூடாரம் அடித்து, தாமே சமைத்துத்தான் கற்றார்கள். வயதுக்கேற்ற பிரிவுகளும் வந்தன. சிறுவர்களுக்குக் குருளைச் சாரணர், வளர்ந்த இளைஞர்களுக்குத் திரிசாரணர். எட்டு வயதுப் பிள்ளைக்கும் பதினெட்டு வயது இளைஞனுக்கும் ஒரே நிகழ்ச்சியை வைக்க முடியாது என்பதை அவர் அனுபவத்தில் கற்றார். 1920இல் லண்டனில் கூடிய முதலாவது உலக ஜம்போரியில் அவர் உலகத் தலைமைச் சாரணராக அறிவிக்கப்பட்டார்.

நம்பிக்கை நின்ற எல்லை

பேடன் பவலின் முழு முறையும் பிள்ளையை நம்புவதில் தங்கியிருந்தது. ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் அவர் காலத்து ஆட்சி நம்பவில்லை. இந்தியாவில் 1909 முதல் சாரணர் குழுக்கள் இருந்தன. ஆனால் அவை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும். இந்தியப் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்தால் நாளை என்ன நடக்குமோ என்று ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். அதனால் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்காகத் தனிச் சாரணர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்த பயணத்தின்போதுதான் அந்தச் சங்கம் உலக இயக்கத்தோடு இணைந்தது.

தென்னாபிரிக்காவில் நடந்தது இன்னும் கசப்பானது. கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையினச் சாரணர்களோடு சேர்க்க அங்குள்ள தலைவர்கள் மறுத்தார்கள். 1936இல் எட்டப்பட்ட இணக்கம், இனத்துக்கு ஒரு தனிப் பிரிவு என்பதாகவே முடிந்தது. எல்லோரும் சகோதரர் என்று சட்டத்தில் எழுதிய மனிதர், அந்தச் சட்டம் மீறப்பட்ட இடத்தில் உறுதியாக நிற்கவில்லை. பிரவுன்சீ தீவில் ஏழையையும் பணக்காரனையும் ஒரே கூடாரத்தில் படுக்க வைத்தவருக்கு, நிறத்தின் சுவரை உடைக்கும் துணிவு வரவில்லை.

இலங்கைக்கு இயக்கம் 1912இல் வந்தது. மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் முதலாவது குழுவைத் தொடங்கினார். அங்கிருந்து அது எல்லாச் சமூகத்தவரின் பாடசாலைகளுக்கும் பரவியது. சாரணர் வாக்குறுதியில் இறைவனுக்குரிய கடமை முதலிடத்தில் இருக்கிறது. அந்தக் கடமையை ஒவ்வொரு பிள்ளையும் தன் மார்க்கத்தின்படி நிறைவேற்றலாம். ஒரு முஸ்லிம் பிள்ளை பாசறையில் பஜ்ருக்கு அதான் சொல்லித் தன் தோழர்களை எழுப்புவதற்கு அந்தச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.

கடைசி ஆண்டுகளில் பேடன் பவல் கென்யாவின் நியேரி என்ற ஊரில், கென்ய மலை தெரியும் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தார். 1941 ஜனவரி 8ஆம் திகதி எண்பத்து மூன்றாவது வயதில் அங்கேயே இறந்தார். அவருடைய கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் செதுக்கப்பட்டுள்ளன. சாரணர் தம் வழியில் விட்டுச் செல்லும் அடையாளம் அது. வீட்டுக்குப் போய்விட்டேன் என்பது அதன் பொருள்.

நமக்கு இருக்கும் முன்மாதிரி

பிள்ளைகளை நம்பிப் பொறுப்புக் கொடுப்பதை நாம் பேடன் பவலிடமிருந்துதான் கற்க வேண்டும் என்றில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நாட்களில் ஒரு படையின் தலைமையை உஸாமா பின் ஸைத் (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். உஸாமாவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. மூத்த ஸஹாபாக்கள் அவருக்குக் கீழே நின்றார்கள். சிலர் தயங்கியபோதும் நபியவர்கள் அந்த முடிவை மாற்றவில்லை. அந்த உஸாமா, விடுதலை செய்யப்பட்ட ஓர் அடிமையின் மகன் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. பேடன் பவல் தயங்கி நின்ற எல்லையை இஸ்லாம் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே கடந்திருந்தது. நம்மிடம் குறையாக இருப்பது கொள்கை அல்ல, நடைமுறை.

அடுத்த பாடசாலை விடுமுறைக்கு ஒரு பள்ளிவாசல் நிர்வாகமோ அஹதிய்யாவோ இளைஞர் நிகழ்ச்சி ஒன்றைத் திட்டமிடும்போது, பேச்சாளர் யார் என்ற கேள்வியைச் சற்றுப் பின்னால் தள்ளி வைக்கலாம். முதலில் கேட்க வேண்டியது, எந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கப் போகிறோம் என்பது. ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களுக்குள்ளேயே ஒரு தலைவரை நியமிக்கலாம். வெள்ளம் வந்தால் எந்த வீதியின் முதியவர்களை யார் பார்ப்பது என்று ஊரின் வரைபடத்தை அவர்களையே வரையச் சொல்லலாம். முதலுதவியும் நீச்சலும் தகுதியானவர்களைக் கொண்டு பழக்கலாம். றமழானில் கஞ்சி விநியோகத்தின் முழுக் கணக்கையும் ஓர் அணியிடம் விட்டுப் பார்க்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குரிய ஏற்பாட்டில் இதே பொறுப்புகளைக் கொடுக்கலாம். செல்வந்தர் வீட்டுப் பிள்ளையும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே அணியில் இருக்கட்டும். அயலிலுள்ள சிங்கள, தமிழ்ப் பிள்ளைகளையும் சில வேலைகளில் சேர்த்துக்கொண்டால் அதனால் கிடைக்கும் நன்மை ஒரு நாளோடு முடிந்துவிடாது.

அவர்கள் தவறு செய்வார்கள். கணக்கில் நூறு ரூபா குறையும், சோறு குழைந்துவிடும், வரைபடத்தில் ஒரு வீதி விடுபடும். அந்த இடத்தில் பெரியவர்கள் பாய்ந்து போய் வேலையைத் திரும்பப் பறித்துக்கொள்ளாமல் பொறுமையாக இருப்பதுதான் இந்த முறையின் மிகக் கடினமான பகுதி. போதையை விற்பவன் நமது பிள்ளையை அணுகும்போது அவனும் ஒரு வேலையையும் ஒரு கூட்டத்தையும் ஓர் அடையாளத்தையும் காட்டித்தான் அழைக்கிறான். அவன் அந்தப் பிள்ளையை நம்பி ஒரு பொதியைக் கையில் கொடுக்கிறான். நாம் இன்னும் கதிரைகளை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.